கரிசல் மண்ணில் வேலியும் கேட்டும்: குழி தோண்டும் முன் பார்க்க வேண்டியவை

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் புது மனைப்பிரிவுகளைச் சுற்றி வந்தால், வேலிக்கால்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். சிலவற்றில் காலோடு சேர்ந்து கான்கிரீட் உருண்டையும் தரைக்கு மேலே எட்டிப் பார்க்கும். கம்பி நல்ல கம்பிதான், கல்லும் நல்ல கல்தான். செம்மண் பூமியில் போடும் 2 அடிக் குழியை அப்படியே கரிசலிலும் போட்டதுதான் கோளாறு.

கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். உப்பும்போது கான்கிரீட்டின் பக்கவாட்டைக் கவ்வி மேலே தூக்குகிறது. காய்ந்து சுருங்கும்போது கால் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும், ஆனால் அதற்குள் அடியில் விழுந்த இடைவெளியில் மண் உதிர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். இப்படி வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கால் ஏறிக்கொண்டே போகும். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருந்தால் இன்னும் மோசம், மண் பிடித்துத் தூக்க அந்த விளிம்பே வசதியான கைப்பிடி. கடப்பாரையால் தோண்டும் குழி பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வரும்.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். 2 அடி ஆழத்திலிருந்து மண் எடுத்து, காயவைத்து, பொடித்து, மாவுச் சல்லடையில் சலியுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஒரே அளவு மண். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். காற்றுக் குமிழ் போகும்வரை குச்சியால் கலக்கி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 2 செ.மீ. நிற்கும் மண் தண்ணீரில் 3 செ.மீ. நின்றால் உப்பல் 50 சதவீதம், 4 செ.மீ. என்றால் 100. ஆய்வகத்தில் அளவுக் குழாயில் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. 50-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 100-ஐத் தாண்டினால் கீழே சொல்லும் எதையும் சுருக்காதீர்கள்.

இன்னொரு சோதனை சித்திரை வெயிலில். பெரிய வெடிப்பாகப் பார்த்து அதற்குள் மெல்லிய கம்பியை விடுங்கள். எவ்வளவு ஆழம் போகிறதோ, குறைந்தபட்சம் அந்த ஆழம்வரை மண் அசைகிறது என்று அர்த்தம். வேலிக்காலின் அடி அதற்கும் கீழே போக வேண்டும். இடையில் சுக்கான் பாறை (சுண்ணாம்பு கலந்த கெட்டிப் பாறை) தட்டினால் நல்லது, அதில் அரை அடி இறக்கிக் காலை நிறுத்திவிடலாம்.

மனைப்பிரிவில் மேலே ஒன்றரை அடிக்குச் செம்மண்ணோ கிராவலோ அடித்திருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பிடிப்பே இல்லாத அடித்த மண். ஆழக் கணக்கு அதற்குக் கீழே இருக்கும் பழைய தரையிலிருந்து தொடங்குகிறது.

வேலியா, காம்பவுண்ட் சுவரா என்று கேட்டால், கரிசலில் வேலிக்கே என் ஓட்டு. செயின் லிங்க் வலை ஒரு அங்குல அசைவைத் தாங்கிக்கொள்ளும், செங்கல் சுவர் தாங்காது. சுவர்தான் வேண்டுமென்றால் அடியில் குடை விரிந்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்), மேலே பீம், பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குல வெற்றிடம் என்று போக வேண்டும். செலவு வேறு கணக்கு. ரெடிமேட் ஸ்லாப் காம்பவுண்ட் நடுவாந்தரம். ஸ்லாப் பள்ளத்தில் சொருகி நிற்பதால் வெடிக்காது, ஆனால் தூண் சாய்ந்தால் ஸ்லாப் கழன்று விழும். போடுபவர்கள் 2 அடி ஆழம்தான் கணக்கில் வைத்திருப்பார்கள். விலை பேசும்போதே 3½ அடி என்று எழுதி வாங்குங்கள்.

60-க்கு 40 மனை, அதாவது ஒரு கிரவுண்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 200 அடி. கார் கேட் 10 அடி, அதை ஒட்டியே சின்ன கேட் 4 அடி போக வேலி 186 அடி. நீளப் பக்கம் ஒவ்வொன்றும் ஏழரை அடி இடைவெளியில் 8 கண்ணி (இரண்டு காலுக்கு நடுவே உள்ள பகுதி), பின்பக்கம் 8 அடியில் 5 கண்ணி, முன்பக்கம் மீதி 26 அடியை ஆறரை அடியாகப் பிரித்தால் 4 கண்ணி. ஆக 25 கண்ணி, 26 கால். கேட் தூணை வேலிக்காலாகக் கணக்குப் பண்ணாதீர்கள். வலையை இழுத்துக் கட்டும் விசை முழுவதும் தூணுக்குப் போய், கேட் இழுபடும். தூணை ஒட்டித் தனிக் கால் நட வேண்டும், அந்த இரண்டும் சேர்த்துத்தான் இந்த 26.

கல்லுக்கால் துருப்பிடிக்காது என்பது பெரிய வசதி. ஆனால் 4 அடி ஆழம் போக 9 அடிக் கல் வேண்டும், குழியும் அகலமாக வேண்டும். கரிசலில் 50×50×6 மி.மீ. எல் ஆங்கிள் சுலபம். 6 மீட்டர் ஆங்கிளைச் சரிபாதியாக அறுத்தால் ஒவ்வொன்றும் 9 அடி 10 அங்குலம். 13 ஆங்கிள் போதும், மீட்டருக்கு 4.5 கிலோ வீதம் மொத்தம் 351 கிலோ. தரைக்கு மேலே 6 அடி, கீழே 3 அடி 10 அங்குலம். ஆங்கிளின் அடியில் அரை அடி நீளத்துக்கு ஒரு பட்டையைக் குறுக்கே வெல்டு வைத்தால் கான்கிரீட்டை விட்டு உருவிக்கொண்டு வராது. ஆங்கிள் அடிவரை போவதால் அதுவே கம்பி வேலையும் செய்கிறது. காலை மேலே மட்டும் புதைத்து, கீழ்ப்பாதியைக் கம்பியில்லாத கான்கிரீட்டாக விட்டால், மண் தூக்கும்போது நடுவில் அறுந்துவிடும்.

குழி 9 அங்குல விட்டம், 4 அடி ஆழம். டிராக்டரில் மாட்டும் குழி மெஷினில் நேராக வரும். அடியில் நீளக் கடப்பாரையால் சுற்றிலும் 3 அங்குலம் குடைந்து, உதிர்ந்த மண்ணை முழுவதும் அள்ளிவிடுங்கள். மேல் ஒன்றரை அடிக்குக் குழியின் சுவரை ஒட்டிக் கனமான பாலிதீன் தாளை இரண்டு சுற்று வைத்து, பிறகு கான்கிரீட் போடுங்கள். உப்பும் மண் தாளோடு வழுக்கிப்போகும், கான்கிரீட்டைப் பிடிக்காது. தரைக்கு மேலே 2 அங்குலம் அதே விட்டத்தில் ஏற்றி, தண்ணீர் வடிய உச்சியைக் கூம்பாகத் தேய்க்க வேண்டும். கொத்தனார் அழகுக்காக மேலே ஒரு வளையம் பரத்திவிடுவார், விடாதீர்கள்.

ஒரு குழிக்கு 2 கன அடிக்குச் சற்றுக் கூடுதல், 26 குழிக்கு சுமார் 55 கன அடி. சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவையில் 13 மூட்டை சிமெண்ட், சேதாரத்துக்கு ஒன்று கூட. எம்-சாண்ட் 25 கன அடி, முக்கால் ஜல்லி 50 கன அடி. ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைத்த பிறகே வலையை இழுக்க வேண்டும். 5 அடி உயர வலை, 50 அடி ரோல் 4. கம்பி 10 கேஜ், அதாவது 3.25 மி.மீ. 12 கேஜ் 2.64 மி.மீ.தான், விலை வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடைக்குப் போகும்போது அளவுமானியைக் கொண்டுபோங்கள். தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு வலை, அதற்கு மேல் முள்கம்பி 2 வரிசை.

மூலைக்கால்களுக்கு வழக்கமாகச் சாய்வாக முட்டுக்கால் கொடுத்து, அதை ஒன்றரை அடிக் குழியில் நிறுத்துவார்கள். கரிசலில் ஆழமில்லாத முட்டு முதலில் மேலேறி, மூலைக்காலையே நெம்பிவிடும். அதற்குப் பதில் மூலைக்காலையும் அடுத்த காலையும் மேலே குறுக்காக ஒரு ஆங்கிள் வைத்து வெல்டு செய்து, மூலைக்காலின் அடிக்கும் அடுத்த காலின் தலைக்கும் கம்பி முறுக்கிக் கட்டுங்கள். தனிக் குழியே தேவையில்லை.

கேட்டுக்கு வருவோம். 16 கேஜ் தகடு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 10-க்கு 5 அடி கேட்டில் தகடு மட்டுமே 58 கிலோ, சட்டமும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தொடும். இதை ஒரே கதவாகப் போட்டால் மேல் கீல் தூணை இழுக்கும் விசை, இரண்டாகப் பிரித்த கதவைப்போல் நான்கு மடங்கு: எடை இரு மடங்கு, எடையின் மையம் தூணிலிருந்து நிற்கும் தூரமும் இரு மடங்கு. கரிசலில் இரட்டைக் கதவுதான் சரி. தள்ளு கேட் வேண்டுமென்றால் தண்டவாளம் 20 அடிக்கு மேல் ஓட வேண்டும், அதன் அடியில் முழு நீளத்துக்கும் பீம் வேண்டும். தரை கான்கிரீட்டில் பதித்த தண்டவாளம் முதல் மழையிலேயே வளைந்துவிடும்.

இரண்டு கேட் தூணும் தனித்தனியாக அசைவதுதான் தாழ்ப்பாள் சேராமல் போகக் காரணம். 5 அடி ஆழத்தில் 3-க்கு 3 அடிப் பாதம், 9 அங்குலத் தூண், 12 மி.மீ. கம்பி 4. குழியைத் தோண்டிய கரிசலால் மூடாமல் கிராவல் போட்டு இடித்து மூடுங்கள். தரையை ஒட்டி இரண்டு தூணையும் 9 அங்குல பீமால் இணைத்துவிட்டால் அசைந்தாலும் சேர்ந்தே அசையும். பீமின் அடியில் 3 அங்குலத் தெர்மாகோல் வைத்துக் கான்கிரீட் போட்டால் மண் உப்ப இடம் கிடைக்கும். அந்த இடைவெளியை மண்ணைத் தள்ளி மூடாமல் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

மரையில் நகர்த்தக்கூடிய கீல் வாங்குங்கள், நேரடியாக வெல்டு வைத்த கீலைப் பிறகு திருத்த முடியாது. தாழ்ப்பாள் போகும் துளையை வட்டமாக இல்லாமல் ஒன்றரை அங்குல நீள்துளையாக வெட்டச் சொல்லுங்கள். கதவின் அடியில் 3 அங்குலம் விட வேண்டும். பாம்பு வருமே என்பவர்கள் கீழே ரப்பர் பட்டை அடித்துக்கொள்ளலாம்.

வேலைக்கு நல்ல பருவம் தை, மாசி. சித்திரையில் மண் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும், அதில் நட்ட கால் ஐப்பசி மழையின் முழு உப்பலையும் வாங்கும். மழையிலேயே தோண்டினால் குழியில் தண்ணீர் நிற்கும், மெஷின் பிளேடில் மண் ஒட்டிக்கொண்டு வராது. குளியலறைத் தண்ணீரையும் மாடிக் குழாயையும் வேலியோரம் விடாதீர்கள், அந்த இடத்துக் கால் மட்டும் தனியாக ஏறும். முதல் கார்த்திகையில் ஒருமுறை, அடுத்த சித்திரையில் ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக் கீல் மரையைத் திருப்பினால் போதும்.