பனிக்கட்டி மேல் ஒரு நாற்காலி

ஃபிலிம் காலத்தில் கல்யாணப் படம் எடுக்கப் போன புதிதில், மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நடந்து வரும் படங்கள் எல்லாமே எனக்கு போகஸ் அவுட். லென்ஸ் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் ஆள் இரண்டடி முன்னே வந்திருப்பார். பிரிண்ட் வந்த அன்று ஸ்டுடியோ முதலாளி விட்ட டோஸ் இன்னும் காதில் நிற்கிறது.

அப்புறம்தான் ஜெர்மன் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட்டைப் பற்றிப் படித்தேன். 1932இல், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில், ஓட்டல் சர்வர் ஒருவர் தட்டை ஏந்தியபடி பனியில் சறுக்கி வருவதை எடுத்திருக்கிறார். தற்செயலாகச் சிக்கிய படம் போலத்தான் இருக்கும். உண்மையில், பனிக்கட்டி மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, அதற்கு போகஸ் வைத்துவிட்டு, அதை ஒட்டிச் சறுக்கி வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த முகூர்த்தத்தில் நான் வாசல் கோலத்துக்கு போகஸ் வைத்துக் காத்திருந்தேன். மாப்பிள்ளை கோலத்தில் கால் வைத்ததும் அழுத்தினேன். படம் பளிச்சென்று வந்தது.

மனிதர் எடுத்த எடுப்பிலேயே கேமராக்காரர் ஆகிவிடவில்லை. 1898இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் இரண்டு கால்களிலும் காயம்பட்டு, பிறகு பெர்லினில் பெல்ட், பட்டன் விற்றுக்கொண்டிருந்தார். 1927இல் ஒரு பெண் டென்னிஸ் ஆடும் படத்தைப் பத்திரிகைக்கு விற்றார். 1929இல் விற்பனை வேலையை விட்டார். முதல் பெரிய வேலை, ஸ்டாக்ஹோமில் எழுத்தாளர் தாமஸ் மன் நோபல் பரிசு வாங்குவதைப் படமெடுப்பது.

1933இல் ஜெனீவாவில் எடுத்த, ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் படம்தான் என்னை உலுக்கியது. நாற்காலிக் கையைப் பிடித்தபடி லென்ஸை முறைக்கும் அந்தக் கண்கள்! எதிரே கேமராவோடு நின்ற ஐசன்ஸ்டேட் ஒரு யூதர். நானாக இருந்தால் கை நடுங்கியிருக்கும். 1935இல் அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு தொடங்கிய லைஃப் பத்திரிகையின் முதல் நான்கு படக்காரர்களில் ஒருவரானார்.

1945 ஆகஸ்ட் 14, ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த நாள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கடற்படை வீரர் ஒருவர் வெள்ளை உடைப் பெண்ணை முத்தமிடுவதை அன்று அவர் எடுத்த படத்தைப் பார்க்காதவர் குறைவு. நானும் பல வருடம் அதைக் கொண்டாடினேன். அந்தப் பெண் நான்தான் என்று பின்னாளில் சொன்ன ஒருவர், அந்த முத்தம் தன்னைக் கேட்டு நடந்ததல்ல என்றும் சொன்னார். பிரபலங்களைப் படமெடுத்தால் ஒரு புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் ஐசன்ஸ்டேட்டுக்கு உண்டு. இந்த இருவரின் பெயரைக்கூட அவர் குறித்து வைக்கவில்லை.

சரி, பந்தியில் வாயில் சோற்றோடு இருப்பவர்களை நான் மட்டும் கேட்டா எடுத்தேன்? இப்போது யாராவது இடது கையால் முகத்தை மறைத்தால் கேமராவை இறக்கிவிடுகிறேன்.