பிரைவேட் பேங்கிங் ஆர்.எம். ஆக நினைப்பவர்களுக்கு

பெரும் பணம் உள்ள குடும்பங்களுக்கான வங்கிப் பிரிவுதான் பிரைவேட் பேங்கிங். அங்கே ரிலேஷன்ஷிப் மேனேஜர் (ஆர்.எம்.) வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஃபண்டு பெயர்களையும் ஓராண்டு, மூன்றாண்டு ரிட்டர்னையும் மனப்பாடம் செய்கிறார்கள். கிளையன்டுக்கு அது பெரிதாகப் பயன்படாது, அவர் போனிலேயே பார்த்துக்கொள்வார். ஒரு குடும்பத்தின் பணம் எங்கிருந்து வருகிறது, யார் பெயரில் கிடக்கிறது, எப்போது எடுக்க வேண்டிவரும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆர்.எம். மட்டுமே இந்தத் துறையில் பத்து வருடம் தாண்டி நிற்கிறார்.

புதியவர்களை நேராக பிரைவேட் பிரிவில் எடுப்பது அரிது. கிளையில் பர்சனல் பேங்கர், பிறகு பிரையாரிட்டி பிரிவு, அங்கிருந்து வெல்த், கடைசியில் பிரைவேட் என்று ஏறுவதுதான் வழக்கம். ஆக்சிஸ் வங்கியின் பர்கண்டி பிரைவேட்டை எடுத்துக்கொண்டால், மொத்த உறவு மதிப்பு (வங்கியோடு வைத்திருக்கும் டெபாசிட், முதலீடு எல்லாம் சேர்த்து) 5 கோடி ரூபாயிலிருந்துதான் கதவு திறக்கும். அந்த அளவு பணம் உள்ளவர் 25 வயதுக்காரரிடம் எடுத்தவுடன் மனம்விட்டுப் பேசமாட்டார். இன்னொரு வழி, கிளையன்டின் காகித வேலைகளைக் கவனிக்கும் சர்வீஸ் ஆர்.எம். வேலை. சம்பளம் குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் எச்.யூ.எஃப். (இந்துக் கூட்டுக் குடும்பம்), டிரஸ்ட், எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) கணக்குகளின் காகிதங்கள் எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகின்றன. அங்கே இரண்டு வருடம் இருந்தவருக்கு, கிளையன்டின் ஆடிட்டரோடு சரிசமமாகப் பேச வரும்.

தேர்வுகளில் தவிர்க்க முடியாதது, மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். 5ஏ. 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மதிப்பெண் வாங்கினால் பாஸ், சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். இதை முடித்து, விற்பவரை அடையாளம் காட்டும் இ.யூ.ஐ.என். எண் வாங்காமல் மியூச்சுவல் ஃபண்டு விற்கக் கூடாது. வங்கி வழியாக இன்சூரன்ஸ் விற்க 50 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் தனி. இவற்றுக்கு மேல், முதலீட்டு ஆலோசகர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். 10ஏ, 10பி இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. ரிஸ்க், வரி, ஓய்வூதியத் திட்டம் எல்லாம் ஒழுங்காகப் படிக்க அது ஒரு காரணமாக அமையும். ஒன்றை மறக்க வேண்டாம்: பெரும்பாலான வங்கி ஆர்.எம். விநியோகஸ்தர்தான், செபியில் (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் அல்ல. கார்டிலோ மெயிலிலோ ‘அட்வைசர்’ என்று போட்டுக்கொள்வது பின்னால் சிக்கலில் விடும்.

இனி வேலையின் உள்ளே. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிலதிபர், பல வருடங்களுக்கு முன் வாங்கிய இடத்தை 4 கோடிக்கு விற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கணக்கில் விழுந்த அன்றே கிளையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்று மாலையே 1 கோடிக்கு ஏ.ஐ.எஃப். (பெரிய முதலீட்டாளர்களுக்கான மாற்று முதலீட்டு நிதி), 50 லட்சத்துக்கு பி.எம்.எஸ். (கிளையன்டின் முதலீட்டைத் தனியாக நிர்வகிக்கும் சேவை) என்று படிவத்தோடு போய் நிற்பதுதான் மிகப் பெரிய தவறு.

முதலில் கேட்க வேண்டியது, அது என்ன வகை நிலம்? நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு வெளியே உள்ள கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரியே கிடையாது. வீட்டுமனை என்றால் கதை வேறு. லாபம் 3.5 கோடி என்றால் 12.5 சதவீத வரி 43.75 லட்சம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் சுமார் 52 லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய இடமாக இருந்தால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் கணக்கையும் ஆடிட்டர் போட்டுப் பார்ப்பார். எது குறைவோ அது. விற்ற ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை ஆர்.இ.சி. போன்ற அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாய வரிவிலக்குப் பத்திரங்களில் போடலாம், 5 ஆண்டு எடுக்க முடியாது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணம் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் வரித் தவணையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மிச்சம் இருப்பதுதான் முதலீட்டுக்கான பணம். அதுவரை மொத்தமும் சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ குறுகிய கால எஃப்.டி.யிலோ இருக்கட்டும். உங்கள் மாத டார்கெட் தள்ளிப்போகும்தான். ஆனால் வரி கட்டப் பணமில்லாமல் ஏ.ஐ.எஃப்.பில் மாட்டிக்கொண்ட கிளையன்ட் உங்களை வாழ்நாளுக்கும் மன்னிக்கமாட்டார். பல ஏ.ஐ.எஃப்.கள் பணத்தைத் தவணை தவணையாகக் கேட்டு வாங்கும், இடையில் வெளியேறவும் முடியாது. இதைக் கையெழுத்துக்கு முன்பே வாயால் சொல்லி, மெயிலிலும் எழுதிவிடுங்கள்.

எது எப்படித் தவறாகப் போகும் என்பதற்கு 2020 மார்ச்சைப் படித்தாலே போதும். யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி நெருக்கடியில் விழுந்தால் முதலையே இழக்கக்கூடியவை) அன்று பூஜ்யமாகின. எஃப்.டி.யைவிட வட்டி கூடுதல் என்ற ஒரே வார்த்தையில் அதை வாங்கிய சாதாரண முதலீட்டாளர்களும் அதில் இருந்தார்கள். விற்ற விதத்துக்காக செபி பின்னர் அந்த வங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. வட்டி ஏன் கூடுதல் என்பதை இரண்டு வரியில் விளக்க முடியாத பொருளை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மார்ச் மாத இன்சூரன்ஸ் டார்கெட் நெருக்கடி எல்லா வங்கியிலும் உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் 2018 அக்டோபருக்குப் பிறகு முன்கூட்டிய கமிஷன் கிடையாது, முதலீடு இருக்கும்வரை கிடைக்கும் டிரெயில் கமிஷன் மட்டும்தான் சொட்டுச் சொட்டாக வரும். இன்சூரன்ஸில் முதல் வருடமே பெரிய தொகை. அதனால்தான் 68 வயது அம்மாவுக்கும் 12 வருட பாலிசி போகிறது. ‘மெச்சூரிட்டிக்கு வரி கிடையாது’ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. 2023 ஏப்ரல் முதல் எடுத்த சாதாரணச் சேமிப்பு பாலிசிகளில் ஆண்டு பிரீமியம் மொத்தமாக 5 லட்சத்தைத் தாண்டினால் அந்த விலக்கு இல்லை. சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிக்கு எல்லை 2.5 லட்சம். பிள்ளைகளில் ஒருவர் இதைக் கண்டுபிடித்து 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் (பாலிசியைத் திருப்பித் தர அனுமதிக்கும் காலம்) பாலிசியைத் திருப்பினால் வருமானமும் போகும், அந்தக் குடும்பமும் போகும்.

காகிதங்களில் அதிகம் இடறுவது என்.ஆர்.ஐ. விஷயம். மகன் வேலைக்காக அமெரிக்கா போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கு ரெசிடென்ட் ஆகவே ஓடிக்கொண்டிருக்கும். அதை என்.ஆர்.ஓ.வாக (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களின் முதலீட்டைச் சில ஃபண்டு நிறுவனங்கள் வாங்குவதே இல்லை. ஃபாட்கா என்ற அமெரிக்க வரிச் சட்ட நடைமுறைதான் காரணம். என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆனால் வரி கட்டியதற்கான ஆடிட்டர் சான்றிதழ் கேட்பார்கள். அடுத்தது நாமினி. நாமினி பணத்தை வாங்கிக்கொடுப்பவர், சொத்துக்கு உரியவர் அல்ல என்பதை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பங்குகள் விஷயத்தில் மறுபடி தெளிவாக்கியது. எனவே நாமினேஷன் போட்டாச்சு என்று விட்டுவிடாமல், உயில் இருக்கிறதா, இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். கேட்டவரைக் குடும்பம் மறப்பதில்லை.

அன்றாடத்தில் இரண்டு பழக்கம் போதும். சந்திப்பு முடிந்த அன்றே பேசியதை நாலு வரி மெயிலாக அனுப்புங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள், கிளையன்ட் அவராகவே ஓ.டி.பி. சொன்னாலும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வேறு வங்கிக்கு நேர்முகம் போனால் ‘எவ்வளவு புக் கொண்டு வருவீர்கள்?’ என்று கேட்பார்கள். நீங்கள் கையாளும் கிளையன்டுகளின் மொத்தத் தொகைதான் புக். கிளையன்ட் பெயர்ப் பட்டியலை எடுத்துப் போவது ஒப்பந்த மீறல், வேலையையே தின்றுவிடும். கையாண்ட தொகை, அதில் புதிதாகச் சேர்த்தது, எத்தனை குடும்பம், அதில் எத்தனை உங்கள் உழைப்பால் வந்தது, எத்தனை மேப்பிங்கில் (வங்கியே ஒதுக்கிக் கொடுத்தது) கிடைத்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். 200 கோடி புக்கில் 20 கோடி தன்னோடு புது வங்கிக்கு வரும் என்று காரணத்தோடு சொல்பவரை, 100 கோடி வரும் என்பவரைவிட அனுபவமுள்ள மேலாளர் நம்புவார்.