ஹியூரன் வீதியின் நீலப் பலகைகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து கோட்ரிச் என்ற ஊருக்கு வீடு மாறுகிறோம் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே எங்கட சனம் யார் இருக்கு? உண்மையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. ரொறன்ரோவில் இருந்து மேற்கே மூன்று மணித்தியால ஓட்டம். வழியெல்லாம் சோளமும் சோயாவும், முடிவில் மறுகரை தெரியாத ஹியூரன் ஏரி. அயலவர்களோடு பழக்கம் வரும்வரை வீதியோரத்து நீலப் பலகைகளை வாசிப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. மாகாணத்தின் மரபுரிமை அமைப்பு 1956 முதல் நட்டு வருபவை இவை. ஒன்ராறியோ முழுவதும் 1,200க்கு மேல் இருக்கின்றன.

கோட்ரிச் 1827இல் தொடங்கிய ஊர். அதைத் தொடங்கியது ஒரு கம்பனி. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கனடா கம்பனி, இந்த ஏரிக்கரையில் சுமார் பத்து லட்சம் ஏக்கரை அரசிடம் வாங்கி, துண்டு துண்டாகக் குடியேறிகளுக்கு விற்றது. பொறுப்பாளர் ஜோன் கால்ட். அவருக்குத் துணையாக வந்தவர் வில்லியம் டன்லப் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர். வங்காளத்துச் சாகர் தீவில் புலி வேட்டையாடியதால் இவரைக் கடைசிவரை ‘டைகர்’ டன்லப் என்றே அழைத்தார்கள். மெயிற்லாண்ட் ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது அவருடைய கல்லறை.

குடியேறிகள் வந்துசேர வீதி வேண்டுமே. 1828இல் குவெல்ஃபில் இருந்து ஏரிவரை காட்டை வெட்டி ஹியூரன் வீதியைத் திறந்தார்கள். வெட்டியவர்களைச் சதுப்பு நிலக் காய்ச்சல் வாட்டியது. ஸ்ராற்ஃபோர்டில் இருந்து கோட்ரிச் வரும் இன்றைய 8ஆம் இலக்க நெடுஞ்சாலை பெரும்பாலும் அதே தடம்தான். அந்த வீதியை ஒப்பந்தம் எடுத்து அமைத்தவர் அன்ரனி வான் எக்மண்ட் என்ற டச்சுக்காரர். என் மனதுக்கு மிக நெருங்கிய ஆள் இவர்தான். இந்தப் பகுதியின் முதல் கோதுமை அறுவடை 1829இல் இவருடைய வயலில் நடந்தது. கம்பனி சொன்னபடி குடியேறிகளுக்கு எதுவும் செய்து தரவில்லை என்று வெளிப்படையாக எதிர்த்து நின்றார். அறுபது வயதைத் தாண்டிய நிலையில், 1837 டிசம்பரில் அரசை எதிர்த்து எழுந்த ரொறன்ரோக் கிளர்ச்சியாளர்களுக்குப் படைத் தலைமை ஏற்றார். கிளர்ச்சி தோற்றது. சிறையில் நோயுற்று 1838 ஜனவரியில் இறந்துபோனார். காட்டுக்குள் வழி திறந்த மனிதர், அரசின் கைதியாகச் செத்தார். எக்மண்ட்வில்லில் அவரைப் புதைத்த இடத்துக்குப் போனால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கோட்ரிச்சின் எண்கோணச் சிறைச்சாலை 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடிந்தது. சிறையும் நீதிமன்றமும் இல்லாமல் தனி மாவட்டமாக முடியாது என்பது அப்போதைய விதி. 1972வரை சிறையாக இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

சரி, கம்பனி அரசிடம் நிலத்தை வாங்கியது. அரசுக்கு அது எங்கிருந்து வந்தது? நான் வாசித்த பலகைகளில் இதற்கு இடம் மிகக் குறைவு. இது இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் நிலம். 1827 ஜூலையில் செய்த 29ஆம் இலக்க ஒப்பந்தத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் கைமாறியது. ஆண்டுக்கு 1,100 பவுண்டு பெறுமதியான பொருள்கள் தருவதாகப் பேச்சு. அந்த மக்களுக்கென்று மிஞ்சியவை நான்கு சிறிய ஒதுக்கிடங்கள். மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது.

அந்த நான்கில் ஒன்று ஸ்டோனி பொயின்ற். 1942இல் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி அதை ராணுவப் பயிற்சி முகாமுக்கு எடுத்தார்கள். போர் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள், தரவில்லை. 1995இல் பக்கத்து இப்பர்வாஷ் பூங்காவில் போராடிய, அந்த மக்களில் ஒருவரான டட்லி ஜோர்ஜ் பொலிஸ் சூட்டில் கொல்லப்பட்டார். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம் 2016இல்தான் கையெழுத்தானது. எங்கள் குடும்பம் 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்து வெளிக்கிட்டது. அம்மம்மாவின் காணி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவர் சாகும்வரை காணி உறுதியைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார். ஸ்டோனி பொயின்ற் மக்களின் கதையை வாசித்த அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த மண்ணில் நான் வாங்கிய வீட்டின் உறுதியும் 1827இன் தொடர்ச்சிதான் என்பதை என் பிள்ளைகள் அறிந்து வளரவேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

கோடையில் ஏரியில் குளிக்க வருகிற சொந்தக்காரர்களிடம் இப்போது ஒரு வழி சொல்லி விடுகிறேன். 401ஆம் நெடுஞ்சாலையை விட்டிறங்கி 8ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். ஷேக்ஸ்பியர் ஊருக்குக் கிட்ட ஃபிரைஃபோகல் சத்திரத்தில் நில்லுங்கள். ஹியூரன் வீதியின் முதல் பயணிகள் தங்கிய இடம் அது, இப்போது நிற்கும் கட்டடம் 1840களில் எழுந்தது. அடுத்தது எக்மண்ட்வில். கோட்ரிச்சில் எங்கள் வீட்டில் சாப்பாடு. மறுநாள் 21ஆம் நெடுஞ்சாலையால் தெற்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் இப்பர்வாஷ், அங்கே நானும் கூட வருவேன்.