மணிக்குப் பூண்

மாலையில் கோக்கிற கண்ணாடி மணியின் ஓட்டைக்குள்ளே வெள்ளிக் குழாய் போட வேண்டும் என்று சித்தப்பாவிடம் முதலில் சொன்னபோது, "எதுக்கும்மா? மணிக்குக் குளிருதா?" என்று கேட்டார்.

பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட சின்ன அறையில் கண்ணாடி உருக்கச் சுடர் விடும் ஒரு டார்ச், ஒரு ஆக்சிஜன் இயந்திரம், ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு மின்சூளை. பகலில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் கண்ணாடி. சித்தப்பா நகர்த்தபேட்டையில் பட்டறை வைத்திருந்த ஆசாரி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையை விட்டுவிட்டார். ஆனால் சாமான்கள் எல்லாம் எங்கள் பரணில் இருக்கின்றன. கம்பியச்சு (ஓட்டைகள் வழியாக இழுத்து மெலிய வைக்கும் தகடு), ஊதுகுழல், குறடு, அரம் எதையும் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

குளிருக்காக இல்லை என்று விளக்கினேன். டார்ச்சில் மணி செய்யும்போது ஸ்டீல் கம்பியில் களிமண் பூச்சைத் தடவிக் காயவைத்து, அதன் மேல்தான் உருகிய கண்ணாடியைச் சுற்றுகிறோம். பூச்சு இல்லையென்றால் கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொண்டு வரவே வராது. சூளையில் 510 டிகிரி செல்சியஸ் பக்கம் கொஞ்ச நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டு, மறுநாள் தண்ணீரில் நனைத்துக் கழற்றினால் மணி வந்துவிடும். பூச்சு முழுக்க வராது. ஓட்டையின் சுவரில் சாம்பல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்ன ஓட்டையில் அது கண்ணில் படாது. தடித்த தோல்கயிறு போகிற 5 மில்லிமீட்டர் ஓட்டையில் பளிச்சென்று தெரியும். அதோடு, ஓட்டையின் ஓரம் கயிறைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெள்ளிக் குழாயை உள்ளே விட்டு, இரண்டு முனையையும் வெளிப்பக்கம் விரித்து மடக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

(அரிக்கமேட்டு மணிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே கண்ணாடியையே நீளக் குழாயாக இழுத்துத் துண்டு போட்டார்கள். ஓட்டை இழுப்பிலேயே வந்துவிடும். கம்பியும் வேண்டாம், களிமண்ணும் வேண்டாம். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் காலத்திலும் அப்படி இழுத்திருக்கிறார்கள். நான் சுற்றுகிற கட்சி.)

சித்தப்பா ஒரு மணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உருத்திராட்சத்துக்குக் கட்டறோமே, அந்த மாதிரி பூண்தானே? உலக்கைக்கும் பூண், மணிக்கும் பூண்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குப் பூண் என்றுதான் பெயர்.

அவரிடம் கேட்பதற்கு முன்னால் நானாக ஒரு முறை முயன்று பார்த்திருந்தேன். அவென்யூ ரோடு பக்கம் ஒரு கடையில் 925 வெள்ளிக் குழாய் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) அரை அடி வாங்கினேன். "ஜாயிண்டே இல்லம்மா" என்று சத்தியம் செய்தார்கள். மணிக்குள் போட்டு, குண்டு முனைத் தண்டை வைத்து நான்கு தட்டு. வெள்ளரிப்பழம் வெடிக்கிற மாதிரி விளிம்பு வெடித்துப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் பிளந்ததும், உடைந்த மனதோடு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினேன்.

சித்தப்பா லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு அந்த மூன்றையும் பார்த்தார். மூன்றும் ஒரே கோட்டில் பிளந்திருந்தன. "ஜாயிண்ட் இல்லைன்னானா? இங்க பாரு, பொடி ஓடவே இல்ல." பொடி என்றால் எங்கள் வீட்டில் மூக்குப்பொடி இல்லை, பற்றாசு, உருகி ஓடி வெள்ளியை ஒட்டவைக்கும் உலோகம். தகட்டை உருட்டி இணைத்த குழாய் அது. இணைப்பில் பற்றாசு அங்கங்கே தொட்டுத் தொட்டுத்தான் ஓடியிருந்தது. வெளியே மெருகு போட்டு மறைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து கம்பியச்சு இறங்கியது. எனக்கு வேண்டியது வெளிவிட்டம் 4.8 மில்லிமீட்டர், சுவர் 0.4. அப்படியானால் தகட்டின் நடுக்கோட்டு விட்டம் 4.4. அதை 3.14 ஆல் பெருக்கினால் 13.8. நான் போனில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் தகட்டில் கீறலே போட்டுவிட்டார். அளந்து பார்த்தேன், 14 இருந்தது. "வெட்டினப்புறம் அரம் போட வேணாமா?" என்றார்.

பட்டையை மரக்கட்டையின் பள்ளத்தில் வைத்து சுத்தியலால் தட்டி ஓடை மாதிரி வளைத்தார். ஒரு முனையைக் கூர்மையாக வெட்டினார். மெழுகு தடவி, அச்சின் பெரிய ஓட்டையில் நுழைத்து, குறடால் கவ்வி, காலை மேசைக்கு முட்டுக் கொடுத்து இழுத்தார். அடுத்த ஓட்டை. அதற்கடுத்த ஓட்டை. ஓடையின் இரண்டு கரையும் நெருங்கி நெருங்கி, கடைசியில் நகம்கூட நுழையாதபடி சேர்ந்துகொண்டன. அப்புறம் வெங்காரம், பொடி, ஊது. பற்றாசு கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாதரசம் மாதிரி ஓடியதை நானே பார்த்தேன். படிகாரம் போட்ட வெந்நீரில் கறுப்பு போயிற்று.

ஒட்டு இல்லாத குழாயைத் தேடி அலைந்தவள் நான். ஒட்டு இருப்பதில் தப்பே இல்லை, ஒட்டு முழு நீளத்துக்கும் ஓடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நீளம். இதில்தான் எல்லாரும் பேராசைப்படுவார்கள், நானும்தான். ஓட்டையின் நீளம் 12 என்றால் குழாயை 17 வெட்டினேன், நன்றாகப் பூப்போல விரியட்டும் என்று. அந்தத் துண்டை சித்தப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். கணக்கு இப்படி: 4.8 விட்டமுள்ள விளிம்பு 7 மில்லிமீட்டருக்கு விரிய வேண்டுமானால் அதன் சுற்றளவு கிட்டத்தட்ட 45 சதவீதம் நீள வேண்டும். அதற்கே வெள்ளி முனகும். இரண்டரை மில்லிமீட்டர் வெளியே நின்றால் இன்னும் அகலம் கேட்கும், கிழியும். ஒன்றுக்குக் குறைவாக விட்டாலோ பிடிக்க விளிம்பு இருக்காது, குழாய் உள்ளே ஆடும். பக்கத்துக்கு ஒன்றரை, மொத்தம் 15. இன்றுவரை அதைத்தான் வெட்டுகிறேன். ரம்பம் நேராக வராவிட்டால் ஒரு பக்கம் பூண் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் வந்து மணி கோணல் தொப்பி போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வெட்டியபின் இரண்டு முனையையும் தட்டை அரத்தில் தேய்த்து, உள்ளோரத்துப் பிசிறையும் எடுத்துவிடுகிறேன். பிளவு பிசிறில்தான் தொடங்கும்.

வெட்டியதை அப்படியே அடிக்கக் கூடாது. அச்சில் இழுபட்ட வெள்ளி விறைத்துப்போய் இருக்கும். காய்ச்சி இளக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அது மறையும்வரை சூடுபடுத்து என்று இணையத்தில் படித்திருந்தேன். சித்தப்பா லைட்டை அணைக்கச் சொன்னார். சாயங்காலம் ஆறரை, தகர அறை, கதவைச் சாத்தியாயிற்று. கரித்துண்டின் மேல் ஆறு குழாய்கள். சுடர் மேலே சுற்றிச் சுற்றிப் போனது. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, பிறகு கண்ணுக்குச் சந்தேகமாக ஒரு சிவப்பு. "போதும். செவந்தும் செவக்காம இருக்கணும்" என்று சுடரை நகர்த்திவிட்டார். என் மார்க்கர் கோடும் அந்த நேரத்துக்குத்தான் காணாமல் போயிருந்தது. அது 600 டிகிரியைத் தாண்டிய சூடு. வெளிச்சத்தில் செய்தால் அந்தச் சிவப்பு தெரியாது, தெரியும்போது பற்றாசு இளகத் தொடங்கியிருக்கும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போட்டார், சுர்ரென்றது. எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தேன், லேசாக நசுங்கியது.

இந்தச் சூடெல்லாம் மணிக்கு வெளியில்தான். குழாயை உள்ளே போட்டபின் நெருப்பைக் காட்டவே கூடாது. நான் வாங்குகிற முரானோ (இத்தாலி) கண்ணாடியில் ஒரு மீட்டர் கோலை 100 டிகிரி சூடாக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளும். வெள்ளி கிட்டத்தட்ட இரண்டு நீளும். உள்ளே இருப்பவன் வீங்கினால் வெளியே இருப்பவன் என்ன செய்வான்?

ஜேசி ரோட்டில் வண்டிப் பாகக் கடையொன்றில் பேரிங் குண்டுகள் வாங்கினேன், 8 மில்லிமீட்டரில் இரண்டு, 12-இல் இரண்டு. பித்தளைக் கட்டையின் குழியில் ஒரு குண்டு. அதன் மேல் குழாய் செருகிய மணி, செங்குத்தாக நிற்க வேண்டும். மேலே குண்டு முனைத் தண்டு. தோல் சுத்தியலால் மூன்று தட்டு, மணியைத் தலைகீழாகத் திருப்பு, மூன்று தட்டு, திருப்பு. ஒரே பக்கத்தை விரித்து முடித்துவிட்டு மறுபக்கம் வரலாம் என்றால் குழாய் அந்தப் பக்கம் இறங்கிவிடும். பாதி விரிந்ததும் பெரிய குண்டு. பூண் கண்ணாடியைத் தொடும் நேரத்தில் தட்டும் ஓசையே மாறும், டப் டப் என்பது டிக் டிக் என்றாகும். அதற்கு மேல் சுத்தியல் வேண்டாம். வைஸில் வைத்து மெல்ல அமுக்குகிறேன்.

மணியின் முனையும் இதற்குத் தோதாக இருக்க வேண்டும். மெதுவடையின் ஓட்டை மாதிரி ஓரம் உருண்டு உள்வாங்கியிருந்தால் பூண் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூராக நின்றால் பூணுக்கு அடியில் கண்ணாடி சில்லாகப் பெயரும். எந்த வெள்ளியும் அதைக் காப்பாற்றாது. அந்த மணிகளை நான் சாதாரண நூலில் கோத்துவிடுகிறேன்.

உடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த மணி, புள்ளிக்குள் புள்ளியாக மூன்றடுக்கு, ஒன்றுக்கே முக்கால் மணி நேரம். அதன் ஓட்டையில் குழாய் கொஞ்சம் இறுக்கமாகப் போயிற்று. இறுக்கம் நல்லதுதானே, ஆடாது என்று நினைத்தேன். ஐந்தாவது தட்டில் சின்னதாக ஒரு "ணிங்". நீளவாக்கில் முடி மாதிரி ஒரு கோடு. நான் அழுதுவிடுவேன் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கும், என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அடி வாங்கின குழா எங்க போகும்? நீளத்துல குறைஞ்சா அகலத்துல போகும். அதுக்கு எடம் விட்டியா?" அதன்பிறகு ஓட்டையைத் தண்ணீருக்கடியில் வைர அரத்தால் தேய்த்து, பூச்சை முழுக்க எடுத்து, குழாய் தானாக நழுவி விழுகிற அளவுக்கு ஆக்கிய பிறகுதான் தொடுகிறேன். தண்ணீருக்கடியில் தேய்ப்பது அவசியம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இதுவரை 31 மணிகளுக்குப் பூண் போட்டாயிற்று, உடைந்தவை 4. மழைக்காலத்தில் வெள்ளி கறுக்கிறது. வீட்டில் வெள்ளி விளக்குக்குச் செய்கிற மாதிரி துளி விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். கண்ணாடிக்கும் ஒன்றும் ஆவதில்லை.

சித்தப்பா கூலி வாங்கவில்லை. ஆனால் நான் அரம் போடும்போதெல்லாம் மடியில் செய்தித்தாளை விரிக்கச் சொல்லி, கடைசித் தூள்வரை மடித்து எடுத்து, ஒரு பழைய தைல பாட்டிலில் சேர்க்கிறார். போன வாரம் பாட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, மூடியை இறுக்கித் திருகிவிட்டு, அடுத்த மணி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார்.