க்ராக்ஸ்டனைப் பார்த்து வரைதல்: நான்காவது தாள்

மூன்றாவது தாளும் போச்சு. ஆனால் எங்கே சறுக்கினேன் என்று இந்த முறை தெரிந்துவிட்டது.

பார்த்து வரைவது பிரிட்டிஷ் ஓவியர் ஜான் க்ராக்ஸ்டனின் ‘ட்ரீமர் இன் லேண்ட்ஸ்கேப்’, 1942. இப்போது பிரிட்டனின் டேட் கலைக்கூடச் சேகரிப்பில் இருக்கிறது. கறுப்பு மை, கொஞ்சம் சாக். கண்களை மூடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; சுற்றிலும் ஆளையே விழுங்கிவிடும்போலச் செடிகொடி. போர்க்காலம். உடல்தகுதி இல்லையென்று ராணுவம் திருப்பி அனுப்பிய பையன், 20 வயதை ஒட்டி வரைந்தது. நான் அந்த வயதில்... சரி, அதை விடுவோம்.

முதல் தாளில், மையில் தொட்டு வரையும் பேனாவின் புது நிப் மையைப் பிடிக்கவே இல்லை, முத்து முத்தாக உருண்டது. துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் துடைத்ததும் சரியானது. அடுத்ததில் சாக்கை முதலில் தேய்த்துவிட்டு மேலே பேனாவை ஓட்டினேன். தூள் நிப்பின் பிளவில் போய் அடைத்துக்கொண்டது. உதறினால் பொட்டென்று ஒரு சொட்டு, நேராக அவர் மூக்கில். இனி மை காய்ந்த பிறகுதான் சாக்.

மூன்றாவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆளை அழகாக முடித்துவிட்டு மிச்ச இடத்தில் இலைகளை நிரப்பினேன். அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். “ஏன் சித்தி, இவரை மட்டும் வெட்டி ஒட்டுனீங்களா?”

சுருக்கென்றது. திரும்ப அசலைப் பார்த்தேன். சட்டைக்கு ஒரு கோடு, இலைக்கு ஒரு கோடு என்று க்ராக்ஸ்டன் பிரிக்கவே இல்லை. கைமடிப்பும் தண்டும் ஒரே அழுத்தத்தில் ஓடுகின்றன. அவருக்குப் பிடித்த ஆங்கில ஓவியர் சாமுவேல் பால்மர் 1825இல் பழுப்பு மையில் வரைந்த ‘எர்லி மார்னிங்’கையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் மனிதர்கள் மரநிழலுக்குள் ஒடுங்கியிருக்கிறார்கள். முயல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

அதனால் நான்காவது தாளில் ஆளைத் தொடவில்லை. தோளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டில் ஆரம்பித்தேன். இலை இலையாகக் கறுப்பு ஏற ஏற, வெறும் தாளாக விட்ட இடம் தானாகத் தோளாகியது. அப்புறம் பென்சில் இல்லாமலே முழங்கால் வரை வந்துவிட்டேன்.

இடது கை மட்டும் இன்னும் இஞ்சிக் கிழங்கு மாதிரிதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.