தொட்டி மாங்கன்றுக்குக் குச்சி கட்டுவதும் நுனி வெட்டுவதும்

நர்சரியிலிருந்து வரும் ஒட்டு மாங்கன்று பெரும்பாலும் குச்சியோடு இறுக்கிக் கட்டியே வரும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். காற்றில் லேசாக ஆட ஆடத்தான் தண்டு பருக்கும். அசையவிடாமல் கட்டிய கன்று ஒல்லியாக நெடுநெடுவென்று ஓடும், குச்சியை உருவியதும் சாயும்.

ஆனாலும் மொட்டை மாடியில் ஆடிக் காற்றுக்கு ஒரு தாங்கல் வேண்டும். மூன்றடி மூங்கில் குச்சியைத் தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மண் நிரப்பும்போதே தொட்டியின் அடிவரை இறக்கிவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும். கன்று தானாக நிமிர்ந்து நிற்க எவ்வளவு தாழ்வான இடத்தில் பிடித்தால் போதுமோ, அங்கே ஒரே ஒரு கட்டு. சணல் கயிற்றை எட்டுப் போலச் சுற்றி, தண்டுப் பக்கம் ஒரு விரல் நுழைய இடம் விடவும். கம்பி வேண்டவே வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். தண்டு தானே நின்றதும் குச்சியை எடுத்துவிடலாம்.

ஒட்டின்மேல், அதாவது இரண்டு கன்றையும் சேர்த்த இடத்தில், சுற்றிய பாலிதீன் நாடாவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒட்டுக்கு மேலே விட்ட துளிர் முற்றி, ஒட்டு நன்றாகக் கூடியதும் பிளேடால் நெடுக்காகக் கீறி எடுங்கள். விட்டுவைத்தால் நாடா பட்டைக்குள் புதைந்து, பின்னாளில் அங்கேயே ஒடியும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர் அடியிலுள்ள கொட்டைக்கன்றுடையது. பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள்.

அடுத்தது நுனி. இரண்டு, இரண்டரை அடி வந்ததும் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் மரத்தின் உருவமே இருக்கிறது. மாவில் ஒவ்வொரு துளிர்ப்பின் முடிவிலும் கணுக்கள் வளையம் போல நெருங்கியிருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்தில் நான்கைந்து கிளை முட்டிக்கொண்டு கிளம்பும். காய்ப் பாரத்தில் கவட்டை பிளக்கும். வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் கிளைகள் இடைவெளி விட்டு வரும். வெவ்வேறு திசையில் மூன்றை மட்டும் வைத்து, மற்றதைக் கிள்ளுங்கள். செங்குத்தாக ஏறும் கிளையைக் கயிறு கட்டித் தொட்டி விளிம்புக்கு இழுத்தால் விரியும். மூன்று கிளையும் ஒன்றரை அடி நீண்டு முற்றியதும் அதேபோல் மீண்டும் ஒரு வெட்டு.

செந்துளிராக இருக்கும்போது வெட்டாதீர்கள். இலை கரும்பச்சையாகி விறைக்கட்டும். மழை நாளும் ஆகாது, வெட்டு வாயில் பூஞ்சை ஏறி நுனி காயும். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்து வெட்டு வாயில் தடவுங்கள். வெட்டில் வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம்.

ஒட்டுக்கன்று முதல் வருடமே பூக்கும். மனசு கேட்காதுதான், ஆனாலும் முதல் இரண்டு வருடப் பூங்கொத்தை ஒடித்துவிடுங்கள். பிஞ்சு நின்றால் கிளை வளராது.