வெட்டி எடுத்த ஒரு கட்டம்

காமிக்ஸ் பத்திரிகையில் வேலை என்றதும், "படம் வரைவீர்களா?" என்றுதான் கேட்பார்கள். படம் வந்துவிடும். அதில் பாத்திரங்கள் பேசுவதை எழுதும் பலூனுக்குள் தமிழை உட்கார வைப்பதுதான் என் வேலை. ஏறக்குறைய இருபது வருடம் அதைத்தான் செய்தேன்.

எங்கள் தலைமுறைக்கு ஆரம்பம் 1972. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர் அது. அங்கே அதன் பெயர் 'ஸ்டீல் கிளா'. இரும்பு நகம் என்று வைத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? மாயாவி என்பது பாட்டி சொன்ன கதைகளில் நாங்கள் கேட்ட சொல். மின்சாரம் தாக்கி உடம்பு மறைந்து, கை மட்டும் தெரியும் ஒரு வெள்ளைக்காரனை அந்தச் சொல் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே கூட்டி வந்துவிட்டது. எப்படி மொழிபெயர்க்க வேண்டும் என்பதை முதலில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1984இல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் தொடங்கின. பெட்டிக் கடைகளில் காமிக்ஸ் வரிசையாகத் தொங்கிய அந்தக் காலத்தில், சிவகாசியில் ஒரு சிறிய மாத இதழில் சேர்ந்தேன். சம்பளம் குறைவு, வேலை நிறைய.

வெளிநாட்டுப் பக்கங்களின் பிரதி வரும். பலூனில் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை மை பூசி மறைப்போம். அந்த வெள்ளை இடம்தான் எனக்கு. முதல் வாரம், 'ட்ராப் இட்' என்று இரண்டு குட்டிச் சொல் இருந்த பலூன் ஒன்று. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். 'உன் கையில் இருக்கும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடு' என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்து வரைகிற அண்ணாச்சி பேனாவை மூடி வைத்தார். "தம்பி, துப்பாக்கிதான் படத்துலயே இருக்குல்லா?" என்றார். 'கீழே போடு!' என்று மாற்றினேன். அப்புறம் 'சுட்டுவிடுவேன்' வந்தால் 'சுடுவேன்' போதும் என்று கை தானாகவே எழுதியது. ஏழு எழுத்து நான்காகும்; கோபமும் கூடும். அண்ணாச்சி எழுத்தை எண்ண மாட்டார். பலூன் மேல் பென்சிலால் மூன்று கோடு இழுத்து, வாய்க்குள் ஒருமுறை வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார். சொல்லும்போது இடறினால் தாள் என் மேசைக்குத் திரும்பி வரும். தமிழ் வசனத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். எந்த வகுப்பிலும் அது எனக்குக் கிடைக்கவில்லை.

கஷ்டமான வேலை தொகுப்பதுதான். அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்த கதையை இங்கே ஒரே புத்தகமாகத் தர வேண்டும். ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் 'முன்கதை' சொல்ல ஒரு கட்டம், அதாவது கோடு போட்டுப் பிரித்த ஒரு படம், இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, வெட்டிய இடத்தில் கதை குதிக்காமல் இருக்க 'சற்று நேரத்தில்...' 'மறுநாள் காலை...' என்று ஒட்டுப் போட வேண்டும். அத்தோடு பக்கங்களும் பாரத்துக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கக் கணக்குக்கு, சரியாக வர வேண்டும். ஒரு பக்கம் மிஞ்சினாலும் அச்சகத்தில் ஏற்க மாட்டார்கள். அதனால் கத்தரிக்கோல் எப்போதும் கையிலேயே இருக்கும்.

அப்படி ஒரு ரயில் கதையைத் தொகுத்தபோது, கடைசி நேரத்தில் ஒரு கட்டம் மிஞ்சியது. துப்பறிவாளர் பெட்டித் தரையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். வேண்டாம் என்று வெட்டினேன். புத்தகம் கடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. எட்டாம் வகுப்புப் பையன். 'ஆசிரியர் மாமாவுக்கு, கடைசிப் பக்கத்தில் அந்த நின்றுபோன கடிகாரத்தால்தான் கொலைகாரனைப் பிடித்தேன் என்கிறாரே, எந்தக் கடிகாரம்? நான் மூன்று முறை படித்துவிட்டேன். எங்கேயுமே இல்லை.'

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மிட்டாய்க்குக் கொடுத்த காசைச் சேர்த்து வைத்து வாங்கி, ஒரு பிள்ளை மூன்று முறை தேடியிருக்கிறான். தப்பு என்னுடையது என்று அவனுக்குப் பதில் எழுதினேன். வெட்டிய கட்டத்தைக் குப்பைக் கூடையிலிருந்து தேடி எடுத்து, அவன் கடிதத்தோடு ஒரு உறையில் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஒருமுறை திருப்பிப் படிக்காமல் கத்தரியைத் தொட்டதில்லை.

டிவி வந்தது, கேபிள் வந்தது. 2005இல் ராணி காமிக்ஸ் 500 இதழோடு நின்றது. எங்கள் இதழ் அதற்கு முன்பே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் எழுத்து வந்ததும் அண்ணாச்சி பேனாக்களைக் கழுவித் துடைத்து டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்.

சில வருடங்களுக்கு முன் அந்த ரயில் கதையை மறுபதிப்பு செய்யப் போவதாகச் சொல்லி, மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உறையை எடுத்துக்கொண்டு போனேன். கட்டத்தின் ஓரம் பழுப்பேறியிருந்தது. பலூனுக்குள் ஆங்கிலம் அப்படியே இருந்தது. அதற்கு மட்டும் நான் தமிழ் எழுதவே இல்லையே. ஸ்கேன் செய்து, ஏழாம் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தோம். பலூன் சின்னது. இரண்டு மூன்று விதமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, கடைசியில் இப்படி எழுதினேன்: 'அட, கடிகாரம் நின்றிருக்கிறது!'